டர்போசார்ஜர் எண்ணெய்க் கசிவு

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு இன்று ஏறும் டீசல் வண்டிகள் பலவற்றில் டர்போசார்ஜர் உள்ளது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனைச் சக்கரத்தால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது இதன் வேலை.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், சான்ஃபோர்ட் மாஸ் விமான எஞ்சினில் பொருத்திச் சோதித்தார். உயரத்தில் காற்று மெலிவதை ஈடுகட்டுவதே நோக்கம். ஆக, மலைக்கும் டர்போவுக்கும் உறவு பழையது. கார்களுக்கு 1962இல் வந்தது. அவற்றுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் மறு ஆண்டே நின்றுபோனது. அதன் பராமரிப்பு உரிமையாளர்களுக்குக் கைவரவில்லை.

பராமரிப்பில் முதன்மையானது எண்ணெய். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய தண்டை மெல்லிய எண்ணெய்ப் படலமே தாங்குகிறது. எண்ணெய் அழுத்தத்துடன் உள்ளே வரும். திரும்பும்போது தன் எடையால் மட்டுமே கீழே வடியும். தண்டின் முனைகளில் இருப்பவை பிஸ்டன் ரிங் போன்ற வளையங்கள், ரப்பர் சீல் அல்ல. வடிகுழாய் அடைபட்டாலோ, எஞ்சின் தேய்ந்து கிராங்க் கேஸில் அழுத்தம் கூடினாலோ எண்ணெய் வளையத்தைத் தாண்டிக் கசியும். நீலப் புகை வரும். காரணத்தைக் களையாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் கசியும், செலவுதான் மிச்சம். எனவே வடிகுழாய், பிரீதர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஏற்றம் ஏறியவுடன் எஞ்சினை அணைத்தால் தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகும்; குழாயை அடைப்பது பெரும்பாலும் அந்தக் கரிதான். ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் தண்டு ஆறிவிடும்.