புசா ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடல்

தில்லித் தமிழர்களிடம் 'புசா ரோடு' என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. அடுத்தது கரோல்பாக். அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் டைப்பிங் பரீட்சை பாஸ் செய்துவிட்டு ரயிலேறி வந்த அண்ணாக்களும் மாமாக்களும் ஒரு ரூமில் நாலு பேராகத் தங்கிச் சமைத்துச் சாப்பிட்ட பேட்டை.

'புசா' என்ற பெயரே இந்த ஊர்ப் பெயர் இல்லை, தெரியுமோ? புசா பீகாரில் உள்ள ஓர் ஊர். வெள்ளைக்காரன் 1905ல் அங்கேதான் விவசாய ஆராய்ச்சிக் கழகத்தை ஆரம்பித்தான். 1934 ஜனவரியில் வந்த பெரிய பூகம்பத்தில் கட்டிடம் சேதமாகிவிட, 1936ல் கழகத்தைத் தில்லிக்கு மாற்றினார்கள். கழகத்தோடு பெயரும் வந்து சேர்ந்தது. ஆக, நம்மை மாதிரியே பிழைக்க வந்த பெயர்தான் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குச் சொல்ல வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றியோ கோதுமையைப் பற்றியோ இல்லை. புசா ரோட்டிலிருந்து கரோல்பாக் கடைத்தெருவைத் தாண்டி உள்ளே போனால் கஜூர் ரோடு என்று ஒரு தெரு. கஜூர் என்றால் பேரீச்சை. அந்தத் தெருவில் 16/330 என்ற பழைய பங்களாவில் 1997லிருந்து பல வருஷம் ஒரு ராக் இசைக்குழு தினம் கூடி வாசித்தது. பெயர் 'இந்தியன் ஓஷன்'. கடலே இல்லாத தில்லியில் இந்துமாக் கடல்!

நம் வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னால் காலேஜ் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்கள் "அதென்னடா, கத்துவாங்களே, அதுவா?" என்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இவர்கள் கதையில் ரொம்பப் பரிச்சயமான ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் ஆட்கள். சுஸ்மித் சென் கிட்டார். அஷீம் சக்ரவர்த்தி தபலா, பாட்டு. இரண்டு பேரும் 1980களிலேயே சேர்ந்து வாசித்துப் பார்த்து, 1990ல் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் ராகுல் ராம் பேஸ் கிட்டாரோடு வந்தார். இவர் ஐஐடி கான்பூரில் படித்து, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, திரும்பி வந்து நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். (நம் வீட்டில் ஒரு பையன் இப்படிச் செய்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.) 1994ல் அமித் கிலாம் டிரம்ஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். அவர் காப்குபி என்ற பவுல் பாடகர்களின் ஒற்றை நரம்பு வாத்தியத்தையும் வாசிப்பார். இந்த நால்வர்தான் 'இந்தியன் ஓஷன்' என்றவுடன் மனசில் நிற்கும் கூட்டணி.

முதல் ஆல்பம் 1993ல் எச்எம்வி வெளியீடு. அதற்குப் பிறகு அடுத்த ஆல்பம் வெளிவர நாலு வருஷம் ஆனது. அது ஸ்டூடியோவில் உருவானதும் அல்ல. தெருவில் உருவானது.

அந்தத் தெருவுக்கும் ஒரு கதை உண்டு. சஃப்தர் ஹாஷ்மி தில்லியின் வீதி நாடகக் கலைஞர். 1989 ஜனவரி 1ம் தேதி, சாஹிபாபாத் பக்கம் தொழிலாளர்கள் நடுவே நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். அவர் பெயரில் அமைந்த 'சாஹ்மத்' அமைப்பு வருஷா வருஷம் ஜனவரி 1ம் தேதி கலைஞர்களைக் கூட்டி நிகழ்ச்சி நடத்தியது. 1997 ஜனவரி 1ல் மண்டி ஹவுஸ் பக்கம் தெருவிலேயே நடந்த அந்த நிகழ்ச்சியில் இந்த நால்வரும் வாசித்தார்கள். தில்லி ஜனவரி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கையில் க்ளவுஸ் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்ட முடியாத குளிர். அந்தக் குளிரில் வாசித்ததன் ஒலிப்பதிவுதான் அதே வருஷம் 'டெஸர்ட் ரெயின்' என்ற ஆல்பமாக வந்தது. பாலைவன மழை!

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து, தப்பு வந்தால் அழித்துத் திரும்ப வாசித்து ஒட்டலாம். மேடையில் அது நடக்காது. பக்கத்தில் இருப்பவன் என்ன செய்யப் போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். அஷீம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையும் தபலாவில் இருக்க, அதே நேரத்தில் பாடுவார். பக்கத்திலேயே அமித்தின் டிரம்ஸ். ஒரே குழுவில் இரண்டு தாள வாத்தியம் என்றால் இடித்துக்கொள்ளத்தானே வேண்டும்? இடிக்கவில்லை. ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் எடுக்கிறார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

அந்தப் பரிச்சயமான விஷயம் இதுதான். மேடை ஒலிப்பதிவின் அருமை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான். அதில் ராகம், நிரவல், ஸ்வரம் எல்லாம் எங்கே போவது? மதுரை மணி ஐயர் 1968லேயே காலமாகிவிட்டார். இன்றைக்கும் அவரை நாம் கொண்டாடுகிறோம் என்றால் அது பெரும்பாலும் ரசிகர்கள் கச்சேரிகளில் பிடித்துவைத்த டேப்புகளின் புண்ணியம். தொண்டை கட்டியிருக்கும், மைக் கரகரக்கும், முன்வரிசையில் யாரோ 'பேஷ்' என்பார்கள். அதனால் என்ன? அன்றைக்கு அங்கே நடந்தது அதில் இருக்கிறது.

மேல்நாட்டு ராக் உலகத்திலும் இதே கதைதான். பீட்டர் ஃப்ராம்ப்டன் என்ற கிட்டார்காரர் 1971ல் 'ஹம்பிள் பை' குழுவை விட்டுத் தனியாக வந்தார். 1972லிருந்து 1975 வரை வருஷத்துக்கு ஒன்றாக நாலு ஸ்டூடியோ ஆல்பம் போட்டார். சுமாராகத்தான் போயின. அதே பாட்டுகளை மேடையில் வாசித்துப் பதிந்து 1976 ஜனவரியில் வெளியிட்டதும் அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடம்! இன்னொன்று கொஞ்சம் சோகமானது. 'ஆல்மன் பிரதர்ஸ்' குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்ததன் பதிவு ஜூலையில் வெளிவந்து அவர்களைத் தூக்கி நிறுத்தியது. அக்டோபரில் கிட்டார் வாசித்த டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். வயசு 24. அவர் மேடையில் எப்படி வாசித்தார் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பதிவைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

திரும்ப கஜூர் ரோட்டுக்கு வருவோம். அந்த பங்களாவில் பாட்டு எப்படிப் பிறந்தது என்றால், ஒருவர் எழுதிக்கொண்டு வந்து மற்றவர்கள் வாசிக்கிற வழக்கம் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருப்பார்கள், அதிலிருந்து ஏதோ ஒன்று திரண்டு வரும். பாட்டு யாருடையது என்று பிரிக்க முடியாது. 2000ல் வந்த 'கந்தீஸா' ஆல்பத்தைப் பாருங்கள். தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பாடும் பழைய அரமேய மொழி வழிபாட்டுப் பாடல். இயேசு பேசியதாகச் சொல்கிறார்களே, அந்த மொழிக் குடும்பம். 'மா ரேவா' நர்மதைக் கரை நாட்டுப்பாட்டு, ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். 'ஹில்லே லே' கோரக் பாண்டே எழுதிய போஜ்புரி புரட்சிப் பாட்டு. பாடியவர்களில் யாருக்கும் இதெல்லாம் தாய்மொழி இல்லை. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஒரே தெருவில் குடியிருக்கிற கரோல்பாக்கில், இப்படி ஓர் இசை வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

2003ல் 'ஜீனி', அதில் கபீர். அப்புறம் அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்கு இசை. பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கால் படம் முடங்கிக் கிடந்து 2007ல்தான் இங்கே திரைக்கு வந்தது. ஆனால் பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' பாட்டு அதற்கு முன்னாலேயே ஊரெல்லாம் பரவியிருந்தது.

2009 டிசம்பர் 25ம் தேதி அஷீம் காலமானார். இதயக் கோளாறு.

குழுவில் ஒருவர் போனால் இன்னொருவரைப் போடலாம். பாடுவதற்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் செய்ததைச் செய்ய இரண்டு பேர்! அஷீமோடு பதிந்து வைத்திருந்த கடைசிப் பாட்டுகளை 2010 ஜூலையிலிருந்து மாசம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த ஆல்பத்தின் பெயர்: '16/330 கஜூர் ரோடு'. வீட்டு விலாசம்தான் தலைப்பு. ஜெய்தீப் வர்மா எடுத்த 'லீவிங் ஹோம்' என்ற ஆவணப்படமும் அதே வருஷம் வந்தது. அஷீம் பேசுவதையும் வாசிப்பதையும் அதில் பார்க்கலாம்.

2013ல் சுஸ்மித் சென் குழுவை விட்டு விலகினார். ஆரம்பித்தவரே வெளியே போனார். குழுவில் இருக்கும்போதே 'டெப்த்ஸ் ஆஃப் தி ஓஷன்' என்று ஒரு தனி ஆல்பம் செய்திருந்தார், அதில் சுபா முத்கல் பாடியிருக்கிறார். விலகிய பின் 'சுஸ்மித் சென் க்ரானிகிள்ஸ்' என்ற பெயரில் வேறு கலைஞர்களோடு வாசித்தார். 'ஓஷன் டு ஓஷன்' என்று ஒரு நினைவுக் குறிப்புப் புத்தகமும் எழுதினார். தலைப்புகளைக் கவனித்தீர்களா? வெளியே வந்த பிறகும் கடலை விடவில்லை.

தனி ஆல்பத்தையும் 'டெஸர்ட் ரெயின்' பதிவையும் அடுத்தடுத்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் கிட்டார் அதே கிட்டார்தான். தம்புரா மாதிரி பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும் திறந்த தந்திகள், அதன்மேல் இந்துஸ்தானி ராகம் மாதிரி மெல்ல விரியும் வாசிப்பு, எங்கே கேட்டாலும் சுஸ்மித் என்று சொல்லிவிடலாம். தனியாக வாசிக்கும்போது அது இன்னும் நிதானம், இன்னும் தெளிவு. அவசரமே இல்லை. ஆனால் 1997 பதிவில் அந்தக் கிட்டாருக்கு ஒரு பரபரப்பு இருக்கிறது. தபலா பின்னாலிருந்து தள்ளுகிறது, பேஸ் கீழேயிருந்து இழுக்கிறது, கிட்டார் பதில் சொல்லியே ஆகவேண்டும். சுஸ்மித் வெளியே எடுத்துக்கொண்டு போனது அவருடைய குரலை. அந்தப் பதில் சொல்லும் அவசரத்தை அவர் எடுத்துக்கொண்டு போக முடியாது. அது நாலு பேருக்குச் சொந்தம், அதில் ஒருவர் இப்போது இல்லை.

இரண்டில் எது உசத்தி என்று நான் கேட்கவில்லை. மேடைப் பதிவு இல்லாவிட்டால் இந்த வித்தியாசமே நமக்குத் தெரிந்திருக்காது என்றுதான் சொல்கிறேன். ஒரு கலைஞன் தனியாகப் போன பிறகு, அவனிடம் எது அவனுடையது, எது சேர்ந்து இருந்ததால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு நாள் பதிவுதான் சாட்சி.

குழுவும் நிற்கவில்லை. நிகில் ராவ் கிட்டாருக்கு வந்தார். 2014ல் 'தந்தானு' ஆல்பத்தில் வயலின் குமரேஷ், செல்வகணேஷ், ஷங்கர் மகாதேவன் எல்லோரும் கூட வாசித்தும் பாடியும் இருக்கிறார்கள். நம்ம ஊர்க் காதுக்கு இதுவே நல்ல வாசற்படி. 2023ல் 'தூ ஹை' வந்தது. ராகுல் ராம் பக்கவாட்டில் 'ஐசி தைசி டெமாக்ரசி' என்று அரசியல் கிண்டல் மேடை நிகழ்ச்சியும் நடத்தினார். அவர் போன தனிவழியும் மேடைதான்!

வீட்டில் கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் பிள்ளைகளோடு 'கந்தீஸா'. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், 'டெஸர்ட் ரெயின்'. அதற்கப்புறம் சுஸ்மித்தின் தனி ஆல்பம், ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு. கடைசியாக '16/330 கஜூர் ரோடு'. பாட்டியும் தாத்தாவும் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். அஷீம் தபலா வாசித்துக்கொண்டே பாடும் இடத்தில் அவர்கள் கை தானாகத் தொடையில் தாளம் போடும். எங்கள் வீட்டில் போட்டது.