எஸ்யூ கார்புரேட்டர்: பிறப்பும் புதுப்பிப்பும்

பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்றில் தக்க அளவு பெட்ரோலைச் சாரலாகக் கலந்து அனுப்புவது கார்புரேட்டரின் வேலை. எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் சேர்ந்தால் எரிதல் நிறைவாக நடக்கும். எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினாலும், மேடு ஏறினாலும், முழு வேகத்தில் பாய்ந்தாலும் அந்தந்த நிலைக்கு ஏற்ற கலவை கிடைத்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் எம்ஜி, ஜாகுவார், ஆஸ்டின்-ஹீலி, டிரையம்ஃப் ஆகிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் இந்தப் பொறுப்பை ஏற்றது எஸ்யூ கார்புரேட்டர்.

தொடக்க காலக் கார்புரேட்டர்களில் காற்று புகும் கழுத்துப் பகுதியின் அகலம் மாறாதது. கழுத்தின் வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் ஜெட் என்னும் நுண்துளைக் குழாயிலிருந்து பெட்ரோல் மேலேறும். கழுத்து அகலமாக இருந்தால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சல் போதாது. குறுகலாக இருந்தால் வேகத்தில் காற்று தடைபட்டு எஞ்சின் திணறும். சோலெக்ஸ், செனித், வெபர் போன்றவை ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஜெட் என்று பலவற்றைச் சேர்த்து இதைச் சமாளித்தன.

லண்டனில் காலணி வணிகம் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர், கழுத்தின் அகலத்தையே மாற வைத்தார். எஞ்சின் கேட்கும் காற்றின் அளவுக்கு ஏற்பக் கழுத்து தானாக விரிந்து சுருங்கினால், உறிஞ்சல் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். பல ஜெட்டுகள் தேவையில்லை. இந்த அமைப்புக்கு அவர் 1905இல் காப்புரிமை கோரினார். முதல் வடிவில் கழுத்தைத் திறந்து மூடியது தோலால் செய்த சிறு துருத்தி. தம்பி தாமஸ் கார்லைல் ஸ்கின்னரும் துணை சேர, 1910இல் லண்டனின் கென்டிஷ் டவுன் பகுதியில் எஸ்யூ நிறுவனம் உருவானது. ‘ஸ்கின்னர் யூனியன்’ என்பதன் சுருக்கமே எஸ்யூ. பின்னர் தோல் துருத்தி கைவிடப்பட்டு, அதன் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது.

அதன் பிறகு அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. கார்புரேட்டரின் தலையில் மணி வடிவ அறை. அதற்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன். எஞ்சினுக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலைத் திறந்தால் பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் குறைந்து, பிஸ்டன் உயர்ந்து காற்றுக்கு வழி விடும். பிஸ்டனின் அடியில், நுனி நோக்கி மெலியும் ஊசி ஒன்று ஜெட்டுக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் உயர உயர ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டுக்கு நேராக வருவதால், சுற்றியுள்ள இடைவெளி பெருகிப் பெட்ரோல் கூடுதலாக வரும். ஆகவே ஒரு எஞ்சினுக்கு வேண்டிய கலவைக் கணக்கு முழுவதும் அந்த ஊசியின் சரிவில் அடங்கியிருக்கிறது. வெவ்வேறு எஞ்சின்களுக்காக நூற்றுக்கணக்கான ஊசிகள் கடையப்பட்டன. எது எந்த ஊசி என்பதை அதன் தண்டில் பொறித்த எழுத்தோ எண்ணோ சொல்லும். பிற்காலத்தில், பிஸ்டனின் உட்குழாயில் எண்ணெயும் அதில் அமிழும் டேம்பரும் சேர்ந்தன. ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதிக்கும்போது எண்ணெய் பிஸ்டனைச் சற்றே தாமதிக்க வைக்கும். அந்த நொடியில் கலவையில் பெட்ரோல் கூடி எஞ்சின் தயங்காமல் வேகம் பிடிக்கும்.

1926இல் கார் தயாரிப்பாளர் வில்லியம் மோரிஸ் எஸ்யூவை வாங்கினார். தயாரிப்பு பர்மிங்காமின் ஆடர்லி பார்க்குக்கு மாறியது; மோரிஸின் குடையின் கீழ் வளர்ந்த எம்ஜி கார்களுக்கு எஸ்யூ இயல்பான துணையானது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினிலும் எஸ்யூ கார்புரேட்டர் இருந்தது. விமானம் சட்டென்று மூக்கைத் தாழ்த்தினால், ஜெட்டுக்குப் போகும் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் மிதவை அறையில் பெட்ரோல் நிலைகுலைந்து எஞ்சின் திணறியது. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941இல் பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத்தகட்டைப் பொருத்தி அந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்தார்.

கார்களுக்கான எஸ்யூ வகைகளின் வரலாற்றைப் பெரிதும் நடத்தியது பெட்ரோல் கசிவு. எச் வகையில் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையங்கள் இருந்தன. அவை காய்ந்தால் கசியும். எச்டி வகையில் ரப்பர் சவ்வு வந்தது. 1950களின் இறுதியில் வந்த எச்எஸ் வகையில் மிதவை அறையிலிருந்து நைலான் குழாய் நேராக ஜெட்டுக்குச் சென்றது. 1970களின் எச்ஐஎஃப் வகையில் மிதவை அறையே கார்புரேட்டரின் அடியில் உடலோடு சேர்ந்தது. பழைய வகைகளின் பெயரில் உள்ள எண், ஓர் அங்குலத்துக்கு மேல் கழுத்து எத்தனை எட்டில் ஒரு பங்கு அகலம் என்பதைக் குறிக்கும். எம்ஜி டிசியில் இரண்டு எச்2, அதாவது 1¼ அங்குலம். 1962இல் வந்த எம்ஜிபியில் இரண்டு எச்எஸ்4, 1½ அங்குலம். 1961இன் ஜாகுவார் இ-டைப்பில் மூன்று எச்டி8, 2 அங்குலம்.

பல கார்புரேட்டர்கள் சேர்ந்தால் ஆற்றல் கூடும். அவற்றை ஒரே சீராக இயக்கும் கலையும் தேவைப்படும். பாகங்கள் தேய்ந்திருந்தால் அந்தச் சீர் வராது. அதனால் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஸ்யூவைப் புதுப்பிப்பது தேய்மானத்தைத் தேடுவதில் தொடங்குகிறது. முதலில் தேய்வது த்ராட்டில் தண்டும் அது சுழலும் துளையும். அந்த இடைவெளியில் கணக்கில் வராத காற்று புகுந்தால், எந்தத் திருகைத் திருப்பினாலும் எஞ்சின் நின்ற இடத்தில் சீராக ஓடாது. துளையைப் பெரிதாக்கிப் புது புஷ் இட்டு, புதுத் தண்டு பொருத்துவதே தீர்வு. அடுத்து ஊசியும் ஜெட்டும். ஊசி ஒரு பக்கம் உரசியிருந்தால் ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிஸ்டனும் அதன் அறையும் ஆலையில் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றில் மாட்டக் கூடாது. பிஸ்டனின் காற்றுத் துளைகளை அடைத்து, அறையைத் தலைகீழாகப் பிடித்து, பிஸ்டனிலிருந்து அறை நழுவும் நேரத்தை அளப்பார்கள்: 1¼ அங்குல வகைக்கு 3 முதல் 5 நொடி, பெரியவற்றுக்கு 5 முதல் 7 நொடி.

டியூனிங்குக்கு மாறாத வரிசை உண்டு. வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் நேரம் ஆகியவை சரியான பிறகே கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் இரு த்ராட்டில்களையும் இணைக்கும் கவ்விகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றும் உறிஞ்சும் காற்றைச் சமன் செய்வார்கள். இதற்கு அளவுகருவி உண்டு. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துச் சீறலை ஒப்பிடுவது பழைய முறை. பிறகு கலவை. எச், எச்எஸ் வகைகளில் ஜெட்டின் அடியிலுள்ள அறுமுக நட்டை ஒரு முகம், அரை முகம் என்று திருப்புவார்கள். நட்டு கீழிறங்கினால் பெட்ரோல் கூடும், மேலேறினால் குறையும். சோதிக்க, பிஸ்டனைச் சிறு உலோகப் பின் கொண்டு சுமார் 0.8 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. புகைக்குழாயும் சான்று சொல்லும்: பெட்ரோல் மிகுந்தால் சீரான இடைவெளியில் தடுமாற்றமும் கரும்புகையும், குறைந்தால் ஒழுங்கற்ற தடுமாற்றமும் நிறமற்ற புகையும்.

அமெரிக்காவில் 1968 முதல் இறுகிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தக் கலையின் எல்லையைச் சுருக்கின. எஸ்யூ நிறுவனம் ஊசிக்கு ஸ்பிரிங் கொடுத்து அதை ஜெட்டின் ஒரு பக்கமாகச் சாய்த்தது. வெப்பத்துக்கு ஏற்ப ஜெட்டைத் தானே நகர்த்தும் அமைப்பை எச்ஐஎஃப்பில் சேர்த்தது. ஆனாலும் கணினி ஆளும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு கார்புரேட்டரால் போட்டியிட முடியவில்லை. எம்ஜிபி தயாரிப்பு 1980இல் நின்றது. 1990களில் மினி காரும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது.

1996இல் எஸ்யூவின் பெயரும் உரிமைகளும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனத்துக்குச் சென்றன. அங்கே முழுக் கார்புரேட்டர்களும் ஊசி, ஜெட் போன்ற உதிரிகளும் தொடர்ந்து கிடைக்கின்றன. பிரிட்டனில் 2021 முதல் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுவதால், அதைத் தாங்காத பழைய ரப்பர்களையும் மிதவைகளையும் மாற்றுவது புதுப்பிப்பின் புதிய பகுதியாகியுள்ளது. நகரும் பாகங்கள் சில. அவற்றைக் கண்ணால் காணலாம், கையால் அளக்கலாம், தேய்ந்ததை மட்டும் மாற்றலாம். ஸ்கின்னரின் அமைப்பு இத்தனை எளிமையாக இருப்பதால்தான் அறுபது, எழுபது ஆண்டு பழைய எஸ்யூவை இன்றும் புதிதுபோல இயங்க வைக்க முடிகிறது.