ஐயமும் வாக்கும்

‘வாக்கு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நாவினின்று பிறக்கும் சொல்லும் வாக்கு. ஒருவரைத் தேர்வதற்கோ தள்ளுவதற்கோ நாம் அளிக்கும் முடிவும் வாக்கு. சொல்லைக் கொண்டு பிறர் உள்ளத்தை அளந்து, பின்னர் அவர்மீது தீர்ப்பு வழங்கும் விளையாட்டு ஒன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ‘மாஃபியா’ என்பது அதன் பெயர். விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடாமல், அதன் வரலாற்றையும் அது கற்பிக்கும் பாடத்தையும் ஈண்டு சிறிது ஆராய்வோம்.

மறைத்தவரைக் கண்டறியும் ஆட்டம் கீழை நாடுகளுக்குப் புதிதன்று. ரமளான் இரவுகளில் இராக் நாட்டு மக்கள் ‘முஹைபிஸ்’ என்னும் ஆட்டத்தை ஆடி மகிழ்கின்றனர். ‘மிஹ்பஸ்’ என்றால் அந்நாட்டு வழக்கில் மோதிரம். இரண்டு அணிகள் எதிரெதிரே அமரும். ஓர் அணியார் போர்வையின் மறைவில் தம்முள் ஒருவர் கையில் மோதிரத்தை ஒளித்து வைப்பர். எதிரணித் தலைவர் அவர்களின் முன்னே நடந்து, கண்ணசைவையும் முகக்குறிப்பையும் நோக்கி, மோதிரம் இல்லாதவர் என்று தோன்றுவோரை ஒவ்வொருவராக விலக்கி, இறுதியில் ஒரு கையைச் சுட்டுவார். ஆட்டம் முடிந்ததும் வென்றோரும் தோற்றோரும் கூடி இனிப்பு உண்பர். அங்கே தீர்ப்பு ஒருவருடையது, பிழையும் ஒருவருடையது. மாஃபியாவிலோ பலர் கூடி வாக்களித்துத் தீர்ப்பு வழங்குகின்றனர். அது பிறந்த இடம் மாஸ்கோ.

1986ஆம் ஆண்டில், மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி தாவிதோவ் என்பவர் இதனை வகுத்தார். அறிந்த சிறு கூட்டமும் அறியாத பெருங்கூட்டமும் மோதினால் எது வெல்லும் என்பதே இதன் உட்பொருள். கூடியிருப்போருள் சிலர் கயவர். அவர்கள் ஒருவரையொருவர் அறிவர். ஏனையோர் ஊரார்; அவர்களுக்குத் தம்மைத் தவிர வேறெவரையும் தெரியாது. இரவில் எல்லாரும் கண்களை மூடியிருக்க, கயவர் மட்டும் விழித்து ஊராரில் ஒருவரை வீழ்த்துவர். பகலில் எல்லாரும் வாதிட்டு, வாக்கெடுத்து, ஐயத்துக்குரிய ஒருவரை வெளியேற்றுவர். கயவர் அனைவரும் நீங்கினால் ஊரார்க்கு வெற்றி. கயவர் தொகை ஊரார் தொகைக்குச் சமமாகிவிட்டால் கயவர்க்கு வெற்றி. 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் என்னும் அமெரிக்கர் கயவரை ஓநாய் மனிதராக்கி இதற்குப் புதுக்கோலம் புனைந்தார். 2018இல் வெளிவந்து 2020இல், நோய்த்தொற்றினால் மக்கள் வீடடைந்து கிடந்த நாள்களில், பெரும்புகழ் பெற்ற ‘அமங் அஸ்’ என்னும் கைப்பேசி விளையாட்டும் இதன் வழி வந்ததே.

கணித அறிஞரும் இதனை விட்டுவைக்கவில்லை. பிரேவர்மன், எத்தசாமி, மோசல் என்னும் மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. உண்மை அறியும் துப்பறிவாளர் எவரும் இல்லாத ஆட்டத்தில், மொத்தத் தொகை நூறு மடங்கு பெருகினாலும், கயவர் தொகை பத்து மடங்கு பெருகினாலே ஆட்டம் சமநிலையில் நிற்கும் என்று அவர்கள் நிறுவினர். அத்தகைய ஆட்டத்தில் ஊரார்க்கு உகந்த வழி, வாதத்தைக் கைவிட்டுக் குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்வதே என்பது அவர்கள் கணக்கு. காரணம் எளியது. நல்லவர் சொல்லக்கூடிய சொல் எதையும் கயவரும் சொல்லலாம். துப்பறிவாளர் ஒருவர் ஊரார் பக்கம் சேர்ந்துவிட்டாலோ நிலைமை தலைகீழாக மாறும். உறுதியாக அறிந்த ஒருவரின் துணைக்கு அத்துணை வலிமை!

மற்றொரு கணக்கையும் காண்போம். மூவர் எஞ்சியுள்ளனர், அவருள் ஒருவர் கயவர். எந்தத் தடயமும் இன்றி வாக்களித்தால் ஊரார் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. நல்லவர் ஒருவர் கூடி நால்வரானால் வாய்ப்பு பெருகும் என்றுதானே எண்ணுவோம்? அன்று, நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஏனெனில் பகலில் தவறினால் மூவர் எஞ்சுவர். இரவில் ஒருவர் வீழ்வார். பின்னர் ஒருவர்க்கு ஒருவராக நிற்கும் நிலையில் ஆட்டம் முடிந்துவிடும். அந்த நால்வரும் அன்று எவரையும் வெளியேற்றாமல் கலைந்தால், இரவில் ஒருவரை இழந்தாலும், மறுநாள் மூன்றில் ஒன்று என்னும் வாய்ப்பு கிட்டும். வாக்களிக்காமல் பொறுப்பதும் ஓர் உபாயம் என்பதைக் கணக்கே காட்டுகிறது. அதனினும் பெரியதொன்று உண்டு: வீழ்ந்தவர் நம் கையால் வீழவில்லை.

ஆயினும் மனிதர் கணக்கில் வரும் புள்ளிகள் அல்லர். அவர் நா தடுமாறும். அவர் கை அவரைக் காட்டிக்கொடுக்கும். பழகிய ஆட்டக்காரர் முகத்தை விட வாக்கையே கூர்ந்து நோக்குவர். ஒருவர் வெளியேறி, அவர் யாரென்று வெளிப்பட்ட பின்னரே முந்திய வாக்குகளுக்குப் பொருள் பிறக்கிறது. குற்றமற்றவரை வீழ்த்த முதலில் பெயர் மொழிந்தவர் யார்? காரணம் கூறாமல் பின்தொடர்ந்தவர் யார்? தம் கூட்டாளி தப்பமாட்டார் என்று கண்டதும், நல்லவர் போல் கடைசி நேரத்தில் அவருக்கு எதிராகக் கை உயர்த்தியவர் யார்? வெளிப்படையாக அளித்த வாக்கு, அளித்தவரைப் பற்றிய சாட்சியாகவும் நின்றுவிடுகிறது.

அரபு மொழியில் ஐயத்தோடு கூடிய எண்ணத்தை ‘ளன்னு’ என்றும், உறுதியான அறிவை ‘யகீன்’ என்றும் பிரித்துரைப்பர். ஒருவர் குற்றமற்றவர் என்னும் நிலையே முதலில் உறுதியானது; வெறும் ஐயம் அதனை நீக்காது என்பர் சட்ட அறிஞர். மாஃபியா ஆட்டத்தில் ஊரார் தோற்கும் இடங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் ளன்னை யகீனாக மதித்த இடங்களாகவே அவை இருக்கும்.

இதனை நாம் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. சென்ற பெருநாள் விடுமுறையில் நம் இல்லத்துப் பிள்ளைகள் இவ்வாட்டத்தை ஆடினர். நடுவர் நீங்கலாக எழுவர். நாமும் ஒருவராக அமர்ந்தோம். முதற்பகலிலேயே தங்கை மகன் நம் பெயரை மொழிந்தான். “மாமா, நீங்கள் வாயே திறக்கவில்லையே!” என்பதே அவன் கூறிய காரணம். “பேசாமலிருப்பது ஒரு குற்றமா?” என்று ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். விடை கூறுவார் இல்லை. மளமளவென நான்கு கைகள் உயர்ந்தன. எழுவரில் நால்வர் போதும். ஐந்தாவது கை தேவையே இல்லை. ஆயினும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அச்சிறுமியும் தன் கையை மெல்ல உயர்த்தினாள். நாம் ஊரார், பெயர் மொழிந்தவனே கயவன் என்பது பின்னர் வெளிப்பட்டது. எல்லாரும் நகைத்தனர், நாமும் நகைத்தோம். ஆனால் அந்த ஐந்தாவது கை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. வினா எழுப்பத் தெரிந்த உள்ளமும், விடை வருமுன் பலரோடு சேர்ந்துவிட்டதே!

அடுத்த ஆட்டத்தில் நம்மை மீண்டும் அழைத்து அமர்த்திக்கொண்டனர். தெருவிலும் ஊரிலும் பேச்சினால் தள்ளி வைக்கப்படும் மனிதருக்கு அடுத்த ஆட்டம் வாய்ப்பதில்லை. கை உயர்த்துமுன் நாம் ஒவ்வொருவரும் இதனை நினைவில் கொள்வோமாக.