ஆதித் திருச்சபையில் அதிகாரம் யார் கையில்?

இன்று கத்தோலிக்கத் திருச்சபையில் போப், கர்தினால், ஆயர், குரு என்று படிப்படியான ஓர் அமைப்பு இருக்கிறது. கி.பி. 50-களில் பவுல் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது இப்படி எதுவும் கிடையாது. கோயில் கட்டடம்கூட இல்லை. யாராவது ஒருவருடைய வீட்டில் கூடுவார்கள், ஜெபிப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். அப்படியிருந்த கூட்டத்துக்குள் அதிகாரம் எப்படி வந்தது?

கண்காணியும் மூப்பரும்

எருசலேமில் ஆரம்பத்தில் பேதுரு, யோவான், இயேசுவின் சகோதரர் யாக்கோபு ஆகிய மூவருக்கும் செல்வாக்கு இருந்தது. யாக்கோபு கி.பி. 62-ல் கொல்லப்பட்டார். 70-ல் எருசலேமே ரோமர்களிடம் வீழ்ந்தது. இயேசுவை நேரில் பார்த்த தலைமுறையும் மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

பவுலின் சபைகளில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, போதகர் ஆகியோர்தான் முக்கியமானவர்கள். யாரும் நியமித்து வந்தவர்கள் அல்ல, கடவுள் கொடுத்த வரம் என்று நம்பப்பட்டது. பெண்களும் பொறுப்பில் இருந்தார்கள். கெங்கிரேயா சபையின் ஊழியர் என்று பெபேயாளைப் பவுல் குறிப்பிடுகிறார். பிலிப்பி சபைக்கு எழுதும்போது 'எபிஸ்கோபோஸ்', 'டியாகோனோஸ்' என்று இரண்டு பொறுப்புகளைச் சொல்கிறார். முதலாவதைப் பழைய தமிழ் வேதாகமம் 'கண்காணி' என்று மொழிபெயர்த்திருக்கிறது. சரியான சொல்தான்! கிரேக்கத்திலும் அதற்கு மேற்பார்வை பார்ப்பவர் என்றுதான் பொருள். இந்தச் சொல்தான் பின்னால் 'பிஷப்' ஆனது. பவுல் அதைப் பன்மையில் எழுதுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது ஓர் ஊருக்குப் பல கண்காணிகள்.

வரம் பெற்றவர்களை நம்பி ஒரு சபையை நடத்துவதில் நடைமுறைச் சிக்கல் இருந்தது. 'டிடாக்கே' என்ற பழைய கையேடு இதை அழகாகக் காட்டுகிறது. ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசி மூன்று நாள் தங்கினாலோ, பணம் கேட்டாலோ அவர் போலி என்கிறது அந்த நூல். கூடவே, உங்களுக்குள்ளேயே கண்காணிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பண ஆசை இல்லாதவர்களாக இருக்கட்டும் என்றும் சொல்கிறது.

கி.பி. 96 வாக்கில் கொரிந்து சபை தன் மூப்பர்கள் சிலரைப் பதவியிலிருந்து இறக்கியது. உடனே ரோம் சபையிலிருந்து ஒரு நீண்ட கடிதம் போனது. அப்போஸ்தலர் நியமித்த வழியில் வந்தவர்களைக் காரணமின்றி நீக்கக்கூடாது என்பது அதன் வாதம். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னேஷியஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஓர் ஊருக்கு ஒரே ஆயர், அவரில்லாமல் சபையில் எதுவும் செய்யாதீர்கள் என்றார். 180 வாக்கில் லியோன் நகரின் இரேனியஸ், ரோம் ஆயர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, உண்மையான போதனை இந்த வழியில்தான் வந்தது என்று காட்டினார். ஆளாளுக்கு ஒரு போதனை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த வரிசை ஒரு சான்றிதழ் மாதிரி உதவியது.

கார்த்தேஜில் வெடித்த சண்டை

இதெல்லாம் உண்மையான சோதனைக்கு வந்தது வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவில் உள்ள கார்த்தேஜ் நகரில். 249-ல் பதவிக்கு வந்த பேரரசர் டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. ஏராளமான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் சித்திரவதையில் இறந்தார்கள்.

ஆயர் சிப்ரியன் என்ன செய்தார்? தலைமறைவானார். ஒளிந்திருந்தபடியே கடிதங்கள் மூலம் சபையை நடத்தினார்.

விழுந்துபோனவர்கள் பலர் சபைக்குத் திரும்ப விரும்பினார்கள். சிறையில் இருந்த விசுவாச வீரர்களிடம் போய் மன்னிப்புச் சீட்டுக் கேட்டார்கள். அவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். 'இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும்' என்று தலைக்கணக்கே இல்லாத சீட்டுகள்கூட வந்ததாகச் சிப்ரியன் புலம்புகிறார். லூசியானஸ் என்ற வீரர், நாங்கள் எல்லோருக்கும் மன்னிப்பு அளித்துவிட்டோம் என்று ஆயருக்கே எழுதினார்!

யாருக்கு உரிமை? அடிபட்டு, பட்டினி கிடந்து, விசுவாசத்தை விடாமல் நின்றவருக்கா? அல்லது ஓடி ஒளிந்த, ஆனால் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயருக்கா? மக்கள் மனம் முதலாமவர் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. சிப்ரியனைப் பிடிக்காத மூப்பர்கள் சிலரும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

சிப்ரியன் மூன்று காரியங்கள் செய்தார். முதலில், துன்புறுத்தல் ஓயும்வரை முடிவைத் தள்ளிப்போட்டார். இரண்டாவது, வீரர்கள் சிலரைச் சபைப் பணியில் நியமித்துத் தன் பக்கம் கொண்டுவந்தார். மூன்றாவது, 251-ல் ஆயர்களின் மன்றத்தைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியாக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்களை மரணப்படுக்கையில் மட்டுமே சேர்க்கலாம் என்று மன்றம் முடிவெடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் புதிய துன்புறுத்தல் வரும் அறிகுறி தெரிந்ததும், மனம் வருந்திய எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட வீரர்கள் கேட்டதுதான் நடந்தது! ஆனால் அதை முடிவு செய்தது ஆயர்கள்.

பெட்டிச் சாவி

ஆயர் கை ஓங்கியதற்குப் பணமும் ஒரு காரணம். அதே 251 வாக்கில் ரோம் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ரோம் சபையில் 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள், 7 துணை டீக்கன்கள், 42 உதவியாளர்கள், பேயோட்டுவோர், வாசகர், வாயில்காப்போர் சேர்த்து 52 பேர். இவர்கள் போக, சபை பராமரித்த விதவைகளும் ஏழைகளும் 1500-க்கு மேல். இத்தனை பேருக்குச் சோறு போட வேண்டுமென்றால் காணிக்கைப் பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அந்தப் பொறுப்பாளர் ஆயர்தான். தீர்க்கதரிசியால் ஜனங்களின் மனதை உலுக்க முடியும், வருடம் முழுக்க 1500 பேருக்குப் படியளக்க முடியாது.

ஆயருக்கு மேல் யார்?

அடுத்த கேள்வி உடனே வந்தது. பிரிந்துபோன குழுக்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா? தேவையில்லை என்றார் ரோம் ஆயர் ஸ்டீபன். வேண்டும் என்றார் சிப்ரியன். 256-ல் கார்த்தேஜில் 87 ஆயர்கள் கூடிச் சிப்ரியனை ஆதரித்தார்கள். ஆயர்களுக்கெல்லாம் ஆயர் என்று நம்மில் யாரும் தன்னை உயர்த்திக்கொள்வதில்லை என்ற பொருள்பட அங்கே அவர் பேசினார். பிற்காலத்தில் மேற்குத் திருச்சபை ஏற்றுக்கொண்டது ஸ்டீபனின் நிலையைத்தான்.

325-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா மன்றம், ஓர் ஆயரை நியமிக்கக் குறைந்தது மூன்று ஆயர்களாவது வேண்டும் என்று விதி செய்தது. ரோம், அலெக்சாந்திரியா, அந்தியோகியா ஆகியவற்றின் பழைய உரிமைகளையும் உறுதி செய்தது. வீட்டுத் திண்ணையில் தொடங்கியது பேரரசின் சட்டத்தோடு கைகோத்தது.

ஓடி ஒளிந்தவர் என்ற பழிச்சொல் சிப்ரியனை விடவில்லை. 257-ல் பேரரசர் வலேரியன் மறுபடி துன்புறுத்தலைத் தொடங்கினார். இந்த முறை, தன் மக்கள் முன்னிலையில்தான் சாக வேண்டும் என்று சிப்ரியன் கார்த்தேஜில் காத்திருந்தார். 258 செப்டம்பர் 14 அன்று வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவி பெரிதா, பட்ட பாடு பெரிதா என்ற வழக்கில் பதவிக்காக வாதாடியவர், கடைசியில் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்.