கம்பு சுத்தக் கத்துக் கொடுக்குறீங்களா? இளம் மாஸ்டர்களுக்கு 5 விஷயங்கள்!

சாயங்காலம் ஆறு மணி. மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரிசையாக நின்று சிலம்பம் பழகுகிறார்கள். முன்னால் நிற்கும் மாஸ்டருக்கே இருபது, இருபத்தோரு வயதுதான். காலேஜ் முடிந்த கையோடு நேராக கிளாஸுக்கு வந்திருப்பார்.

தமிழக அரசு வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. அதனால் மெடல், சர்டிஃபிகேட் கனவோடும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஆனா, சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் ஆறு மாசம் கழிச்சும் வர்றாங்க? நாளைக்கும் வரணும்னு தோணினாதான் கலை வளரும். அதுல பாதி மாஸ்டர் கையில இருக்கு.

1. காலடி ஏன்னு காட்டுங்க

"ரெட்டைக் கம்பு எப்போ மாஸ்டர்?" இதுதான் முதல் நாள் கேள்வி. காலடி வரிசை பிள்ளைகளுக்குச் சலிப்புதான். மெதுவா ஒரு வீச்சு வீசி, காலை நகர்த்தாம தடுக்கச் சொல்லுங்க. அடுத்து, காலடி வெச்சுத் தடுக்கச் சொல்லுங்க. வித்தியாசம் அவங்களுக்கே புரிஞ்சிடும்.

2. ஒரு நேரத்துல ஒரு திருத்தம்

"முட்டியை மடக்கு, தோளை இறக்கு, நேரா பாரு" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை அப்படியே நின்றுவிடும். இன்னைக்கு முட்டி மட்டும் போதும். பாராட்டும்போதும் வெறும் "சூப்பர்" வேண்டாம். "திரும்பும்போது இன்னைக்குக் கால் தடுமாறலை" என்று சொல்லுங்கள். எது சரியா வந்ததுன்னு அவங்களுக்குத் தெரியணும்.

3. கம்பு விழுந்தா சிரிக்கக் கூடாது

1882-ல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கிய கலை ஜூடோ. அதில் ஆளைத் தூக்கிப் போடப் பழகும் முன்பே, அடிபடாமல் விழுவதற்குப் பயிற்சி தருவார்கள். அதற்கு உகேமி என்று பெயர். சிலம்பத்தில் அந்த 'விழுதல்', கைநழுவிப் போகும் கம்புதான். மொத்த கிளாஸும் சிரிச்சா, அந்தப் பொண்ணு அடுத்த தடவை வேகமா சுத்தவே பயப்படுவா. விழுந்தா எடுக்கணும், தொடரணும். இதை முதல் நாளே விதியாக்கிடுங்க.

4. அடிச்சுச் சொல்லித்தர வேண்டாம்

"நாங்க அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்று சொல்வதில் சிலருக்குப் பெருமை. ஆனால், அடிக்குப் பயப்படுற பையன் எதிராளியோட கம்பைப் பார்க்க மாட்டான், உங்க கையைத்தான் பார்ப்பான். நிலையைத் திருத்த முதலில் நீங்களே நின்று காட்டுங்கள். தொட்டுத் திருத்தணும்னா, கேட்டுட்டுத் தொடுங்க. பெற்றோர் எப்போ வேணும்னாலும் வந்து பார்க்கலாம்னு சொல்லிடுங்க.

5. பக்கத்துல நிக்கிறவங்களோட ஒப்பிடாதீங்க

பெற்றோர் அனுமதியோடு முதல் மாதம் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். மூணு மாசம் கழிச்சு அதைப் போட்டுக் காட்டுங்க. "நானா இது?"ன்னு சிரிப்பாங்க. தான் வளர்ந்திருப்பதை அவங்களே கண்ணால பார்க்கிற மாதிரி வேற எதுவும் வராது.

கடைசியா ஒண்ணு. நின்றுபோகிற பிள்ளை திடீர்னு நின்றுபோகாது. முதலில் லேட்டாக வரும், அப்புறம் கடைசி வரிசைக்குப் போகும், பிறகு ஒருநாள் வராது. அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. திட்ட வேண்டாம். "இன்னைக்கு உன்னைக் காணோமேப்பா"ன்னு கேட்டாலே போதும்.