மின்னணு பூஸ்ட் கட்டுப்படுத்தி

டர்போசார்ஜர், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தின் மூலம் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியாகும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இவ்வாறு கிடைக்கும் அழுத்தம் பூஸ்ட் எனப்படுகிறது. பூஸ்ட் கூடினால் திறன் கூடும். அளவு மீறினால் எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து பிஸ்டன்கள் உடையும். இந்த அளவைக் காப்பதற்கான முயற்சியே பூஸ்ட் கட்டுப்படுத்தியின் வரலாறு.

டர்போசார்ஜரின் தொடக்கம் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சியின் 1905ஆம் ஆண்டுக் காப்புரிமை. விற்பனைக்கு வந்த பயணியர் கார்களில் அது 1962இல்தான் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வழியே இடம்பெற்றது. அவற்றுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், வெடிப்பைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தது. திரவம் தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறையும் ஏற்பாடும் அதில் இருந்தது. ஆனால் பல உரிமையாளர்கள் திரவத்தை நிரப்ப மறந்தனர். கார் மந்தமாக ஓடுகிறது என்று குறைகூறினர். 1963உடன் உற்பத்தி நின்றது.

பின்னர் வந்த டர்போ கார்களில் வேஸ்ட்கேட் என்னும் கதவே பொதுவான தீர்வாக இருந்தது. பூஸ்ட் குறித்த அளவை எட்டியதும் ஒரு சுருள்வில் அமுங்கிக் கதவு திறக்கும். மிகுதிப் புகை சக்கரத்தைச் சுற்றாமல் வெளியேறும். இது எளிமையானது, மலிவானது. ஆனால் வில் திடீரென அமுங்குவதில்லை. இலக்கை எட்டும் முன்பே கதவு சிறிது சிறிதாகத் திறப்பதால் பூஸ்ட் தாமதமாக ஏறும்.

சுவீடனின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏ.பி.சி. முறை இதில் திருப்புமுனை. எஞ்சினில் பொருத்திய உணரி வெடிப்பின் அதிர்வைக் கேட்கும். மின்னணுப் பெட்டி சோலினாய்டு வால்வு மூலம் வேஸ்ட்கேட்டைத் திறந்து பூஸ்டைக் குறைக்கும். தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சின் பிழைத்தது. பின்னாளில் சந்தைக்கு வந்த பல தனிக் கருவிகளைவிட இது அறிவார்ந்த ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். அவை அழுத்தத்தை மட்டுமே அளந்தன. எஞ்சின் படும் பாட்டைக் கேட்கவில்லை.

அந்தச் சந்தை செழித்தது ஜப்பானில். அங்குள்ள தயாரிப்பாளர்கள் 1989 முதல் 2004 வரை கார்களின் திறனை 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் உடன்பட்டிருந்தனர். 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். காரில் வேஸ்ட்கேட் குழாயில் இருந்த சிறு அடைப்பானை அகற்றினாலே பூஸ்ட் ஏறத்தாழ 0.7 பாரிலிருந்து 1 பாருக்கு உயரும். அதற்கும் மேலே செல்ல எச்.கே.எஸ்., கிரெட்டி, ஏபெக்ஸ் போன்ற நிறுவனங்களின் கட்டுப்படுத்திகள் வாங்கப்பட்டன. ஆனால் அந்தக் காரின் டர்போ சக்கரங்கள் பீங்கானால் ஆனவை. 1 பாருக்கு மேல் தொடர்ந்து ஓட்டியவர்கள் பலர் அவை உடைந்து சிதறியதைக் கண்டனர். கட்டுப்படுத்தி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. கேட்கப்பட்ட அழுத்தம்தான் தவறு.

மாற்றியமைத்த காருக்கு இக்கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வேஸ்ட்கேட்டின் வில்லை. எந்தக் கட்டுப்படுத்தியும் அந்த வில்லின் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்டைக் கொண்டுவர இயலாது. மேலே மட்டுமே உயர்த்தும். அடுத்தது, கருவி எவ்வாறு திருத்திக்கொள்கிறது என்பது. மலிவானவை சோலினாய்டைக் குறித்த விகிதத்தில் திறந்து மூடுவதோடு நிற்கும். குளிர்ந்த இரவில் காற்று அடர்ந்தால் பூஸ்ட் இலக்கைத் தாண்டிவிடலாம். அழுத்த உணரியைப் பார்த்து நொடிக்கு நொடி திருத்துபவை விலை கூடியவை. அந்தக் கூடுதல் விலை நியாயமானதே. ஏபெக்ஸின் ஏ.வி.சி.-ஆர். போன்றவை கியருக்கு ஏற்ப பூஸ்டை மாற்றும் வசதியும் தந்தன. முதல் கியரில் சக்கரங்கள் வழுக்கும் கார்களுக்கு இது உதவும். எல்லை மீறினால் உடனே வேஸ்ட்கேட்டைத் திறந்துவிடும் எச்சரிக்கை வசதி எல்லாக் கருவிகளிலும் இருப்பதில்லை.

எரிபொருள் பம்பும் இன்ஜெக்டர்களும் கூடுதல் காற்றுக்கு ஈடுகொடுக்காத காரில், மிகச் சிறந்த கட்டுப்படுத்தியும் எஞ்சினை விரைவாக அழிக்கவே பயன்படும். இன்றைய டர்போ கார்களில் இந்தப் பணியை எஞ்சின் கணினியே வெடிப்பு உணரியின் துணையுடன் செய்துவிடுகிறது.