நம்மை ஏற்றிவந்த கரி எஞ்சின்

புனே நகரில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுள் நீராவி எஞ்சினுக்குக் கடன்படாதவை மிகச் சிலவே. பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் இணைந்தன. நம் முன்னோர் இந்நகர் வர வழி பிறந்தது. 1929-இல் பம்பாயினின்று நீண்ட மின்சாரக் கம்பி புனேயோடு நின்றது. ஆதலால், டீசல் வரும்வரை, சென்னை செல்லும் வண்டி இங்கே மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரி எஞ்சினைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டது.

அகலப் பாதை விரைவு வண்டிகளுக்கென்றே அமைந்த ‘டபிள்யு.பி.’ எஞ்சின்கள் 16, அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து 1947-இல் வந்தன. கூம்பிய முகம், அதில் ஒரு நட்சத்திரம். நம் நாட்டின் தரங்குறைந்த கரியையும் எரிக்கவல்ல அகன்ற நெருப்புப் பெட்டி. சதுர அங்குலத்திற்கு 210 ராத்தல் அழுத்தமுள்ள நீராவி, 67 அங்குல விட்டமுள்ள ஆறு சக்கரங்களை உருட்டிற்று. 1967 வரை இவ்வகையில் 755 எஞ்சின்கள் உருவாயின.

கண்ணில் விழுந்த கரித்தூளை நாம் மறக்கவில்லை. ஆனால், உலைவாயில் நின்று இரவெல்லாம் கரி வாரி எறிந்த ஃபயர்மேனை நினைத்தோமா? அவர் கை ஓய்ந்தால் நீராவி தளரும், வண்டியும் தளரும். நாம் உறங்க, அவர் விழித்திருந்தார்.

1995-இல் அகலப் பாதையில் நீராவியின் காலம் முடிந்தது. முதலில் வந்தவற்றுள் 7200 எண்ணுள்ள எஞ்சின் ‘ஆசாத்’ என்னும் பெயருடன் ரேவாரியில் பேணப்பட்டுள்ளது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, கரி வாரிய கைகளைப் பற்றியும் சொல்வோமாக!